பட்டியில் அடைத்த பிறகு யார் பொறுப்பு?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஆள் இல்லாமல் திரியும் நாய்களை உள்ளூர் கவுன்சில் பிடித்துப் பட்டியில் அடைக்கும். குறிப்பிட்ட நாட்களுக்குள் உரிமையாளர் தேடி வராவிட்டால், அந்த உயிர் கவுன்சிலின் கையில்!

2021 ஆகஸ்டில் பர்க் ஷயர் கவுன்சில் தன் பட்டியில் இருந்த நாய்களைச் சுட்டுக் கொன்றது. மொத்தம் 15, அதில் 10 குட்டிகள் என்று செய்திகள் வந்தன. இத்தனைக்கும் அவற்றை அழைத்துப்போகக் கோபார் என்ற ஊரிலிருந்து தன்னார்வலர்கள் வருவதாக இருந்தது. அவர்கள் வந்தால் கொரோனா பரவும் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

அந்தப் பயத்தைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. பழங்குடி மக்கள் அதிகம் வாழும், பெரிய மருத்துவமனைகளுக்குத் தொலைவான பகுதி அது. ஆனால் ஊர் எல்லையில் வைத்து நாய்களைக் கைமாற்றியிருக்கக் கூடாதா? இதைக் கேட்க அந்த நேரத்தில் யாரும் இல்லை. முடிவெடுத்ததும் கவுன்சில், நிறைவேற்றியதும் கவுன்சில்.

2022ல் சட்டம் திருத்தப்பட்டது. கொல்வதற்கு முன் குறைந்தது 2 மறுவாழ்வு அமைப்புகளுக்காவது தகவல் தர வேண்டும். நல்ல மாற்றம்தான். ஆனால் பர்க்கில் தகவல் தெரிந்தவர்கள் கிளம்பி வரத் தயாராகவே இருந்தார்களே! அதனால் தகவல் மட்டும் போதாது. கொல்லும் காரணத்தை முன்கூட்டியே எழுதிவைத்து, வெளியாள் ஒருவரின் ஒப்புதலும் பெற வேண்டும் என்று இருந்தால்தான் கை கொஞ்சம் தயங்கும்.

நாய்களுக்கு ஓட்டு இல்லை. கவுன்சிலைத் தேர்ந்தெடுக்கும் மனிதர்களுக்கு இருக்கிறது. கணக்குக் கேட்க வேண்டியது அவர்கள்தான்.