காலடியில் ஒரு மில்லிமீட்டர்

பிரேக் பிடிக்காத வண்டியை நினைத்து எல்லோரும் பயப்படுவார்கள். சிவகாசி–சாத்தூர் சாலையோரம் ஒரு பட்டறையில் நான் சந்தித்த மெக்கானிக்குக்கு, பிடித்த பிரேக்கை விடாத வண்டிதான் பெரிய கவலை. லைனர் உரசிக்கொண்டே ஓடினால் டிரம் சுடும். மேலே ஏற்றியிருப்பது காகிதச் சுருளோ, அட்டைப்பெட்டியோ, பட்டாசுப் பண்டலோ, எதுவானாலும் தீப்பற்றும் சரக்கு.

இந்தப் பக்கத்துப் பட்டாசுத் தொழில் ஒரே கூரைக்குள் முடிவதில்லை. லேபிள் அச்சாவது ஊருக்குள், மருந்து செலுத்துவது ஊரைவிட்டுத் தள்ளி நிற்கும் சிறு அறைகளில், குடோன் வேறு திசையில். இவற்றுக்கு இடையே ஓடும் வண்டிகளில் பழைய பிக்கப்கள் நிறைய. எட்டு வருடம் தாண்டிவிட்டால் ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும். பிரேக் வேலைக்கு அப்போதுதான் கூட்டம்.

அன்று நின்றது ஒரு பழைய மகிந்திரா. அதன் பூஸ்டர் போய்விட்டது, அதே பூஸ்டர் கடையில் கிடைக்கவில்லை. உரிமையாளர் காயலாங்கடையில் வேறொரு வண்டியின் பூஸ்டரையும் மாஸ்டர் சிலிண்டரையும் வாங்கி வந்திருந்தார்.

"போல்ட் ஓட்டை சரியா இருக்குல்ல அண்ணாச்சி, மாட்டிர வேண்டியதுதான?"

"ஓட்டைய விடுங்க, உள்ள அளவு பார்ப்போம்."

மிதிக்கும் காலுக்குத் துணை நிற்பது பூஸ்டர். உள்ளே இருக்கும் ரப்பர் டயாப்ரத்தின் ஒரு பக்கம் காற்று உறிஞ்சப்பட்டிருக்கும். மிதித்ததும் மறுபக்கம் வெளிக்காற்று நுழைந்து தள்ளும். 9 அங்குல டயாப்ரம் என்றால் பரப்பு சுமார் 63 சதுர அங்குலம்; சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு வித்தியாசம் கிடைத்தாலே 280 கிலோ தள்ளுவிசை. டீசல் எஞ்சினில் இந்த உறிஞ்சல் தானாகக் கிடைக்காது. அதற்கென்று தனி வேக்வம் பம்ப் உண்டு, பல பிக்கப்களில் ஆல்டர்னேட்டரின் பின்புறம்.

பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் பார்க்க வேண்டியது துளையின் விட்டம். பழையது 22.2 மில்லிமீட்டர், வாங்கி வந்தது 25.4. பார்வைக்கு அற்ப வித்தியாசம்தான். ஆனால் பரப்பு 30 சதவீதம் கூடிவிடுகிறது. அதே மிதிக்கு ஆயில் அழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு குறையும். பெடல் மேலேயே நிற்கும், கல்லாட்டம் இருக்கும், ஓட்டுநரும் பிரேக் நன்றாக இருப்பதாக நம்புவார். இந்த நம்பிக்கைதான் ஆபத்து. மெக்கானிக் அந்த மாஸ்டரை ஒதுக்கிவிட்டு, வந்த பூஸ்டரோடு பழைய மாஸ்டரையே புது வாசர் கிட் போட்டுச் சேர்க்க முடிவுசெய்தார்.

பிறகு வெர்னியரை எடுத்தார். பூஸ்டரின் புஷ் ராடு எவ்வளவு நீண்டிருக்கிறது, மாஸ்டரின் பிஸ்டன் எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறது, இரண்டையும் அளந்தார். நடுவில் ஒரு மில்லிமீட்டர் போல இடைவெளி வேண்டும். ராடு அதிகம் நீண்டால் பிஸ்டன் முழுதாகப் பின்வராது. ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துவாரம் மூடியே கிடக்கும். வண்டி ஓடச் சூடு ஏறும், சூட்டில் ஆயில் விரியும், பிரேக் இன்னும் இறுகும். முதலில் சொன்ன, பிடித்ததை விடாத பிரேக் பிறக்கும் இடம் இதுதான்.

டிரம்மைக் கழற்றியதும் பட்டறைப் பையன் ஏர் ஹோஸைத் தூக்கினான். "ஏலே, ஊதாத! ஈரத்துணி எடு" என்று அதட்டினார். பழைய லைனர் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். நுரையீரலில் தங்கினால் பல்லாண்டு கழித்துப் புற்றுநோயாக வரலாம். எல்லாப் பட்டறையிலும் இப்படி ஒரு குரல் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதை வழியாகக் கேரளத்துக்கு இறங்கும் வண்டிகளில் பிரேக் சூடேறும், ஆகவே ஆயிலும் முக்கியம். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் குடித்துப் பழசானால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடக்கூடும். குழாயில் ஆவி சேர்ந்தால் பெடல் தரைக்குப் போய்விடும். ஆகவே பழைய ஆயிலை முழுக்க இறக்கி, தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுத்தார்கள். ஜாக்கியில் தூக்கி, பலமுறை மிதித்துவிட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுழற்றினார். நான்கும் தடையின்றிச் சுற்றின.

அதற்குள் ஒரு டாடா பிக்கப் வந்து நின்றது. பூஸ்டர் மாற்ற வேண்டும் என்றார் ஓட்டுநர். எஞ்சினை அணைத்துப் பெடல் இறுகும்வரை மிதிக்கச் சொன்னார் மெக்கானிக். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்று இறங்க வேண்டும், இறங்கவில்லை. பம்பிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி விரலால் மூடிப் பார்த்தார், உறிஞ்சலே இல்லை. பூஸ்டருக்குக் காசு செலவழிக்க வேண்டாம், வேக்வம் பம்பை மட்டும் பாருங்கள் என்று சொல்லி, ஹோஸைத் திரும்ப மாட்டினார்.