கம்பியைக் கழற்று, சக்கரத்தைத் தள்ளி மாட்டு

ஜீப்பும் இல்லை, நான்கு சக்கர பைக்கும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வண்டி. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். கையில் வட்ட ஸ்டியரிங், தலைக்கு மேல் இரும்புக் கூண்டு. அமெரிக்காவில் இதற்கு 'சைட்-பை-சைட்' என்று பெயர். பண்ணையில் வேலி போடப் போவதிலிருந்து மணல்மேட்டில் கும்மாளம் அடிப்பது வரை அங்கே எல்லாவற்றுக்கும் இதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இந்த வகையை ஊரெல்லாம் பிரபலமாக்கியது 2003 கடைசியில் யமஹா கொண்டுவந்த ரைனோ 660. ரைனோ என்றால் காண்டாமிருகம். ஆனால் நிஜக் காண்டாமிருகம் இவ்வளவு சுலபமாகக் கவிழ்ந்திருக்காது :-)

கவிழும்போது இன்னொரு வம்பும் சேர்ந்துகொண்டது. வண்டி சாய ஆரம்பித்ததும் மனிதன் என்ன செய்வான்? சைக்கிளில் விழப்போகிறவன் மாதிரி காலை வெளியே நீட்டுவான். ஆட்களோடு சேர்த்து அரை டன்னுக்கு மேல் இருக்கும் வண்டி அந்தக் காலின் மேலேயே விழும். 2007-ல் யமஹா இலவசமாகக் கதவுகளும் கூடுதல் கைப்பிடிகளும் தந்தது இதனால்தான். ஆனால் கதவு காலைக் காப்பாற்றுமே தவிர, வண்டி கவிழாமல் தடுக்காது.

2009 மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ரைனோ 450, 660 வண்டிகளில் 50-க்கும் மேற்பட்ட விபத்துகளை விசாரித்ததாகவும், அவற்றில் 46 பேர் இறந்ததாகவும் அதில் இருந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கவிழ்ந்த விபத்துகள். அவற்றில் பல மலைச்சரிவில் நடந்தவை அல்ல; சமதரையில், சுமாரான வேகத்தில், ஒரு திருப்பத்தில் நடந்தவை. பலர் பெல்ட் போட்டிருக்கவில்லை என்பதும் உண்மை. யமஹாவின் வாதமும் அதுதான்: வண்டியில் குறை இல்லை, ஓட்டிய விதம்தான் காரணம் என்றது. பல வழக்குகளில் ஜெயிக்கவும் செய்தது. இருந்தாலும் இலவசமாகச் சரிசெய்து தர ஒப்புக்கொண்டது.

என்ன செய்தார்கள் தெரியுமா? பின் சக்கரங்களுக்கு 50 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டு, சக்கரங்களை வெளியே தள்ளினார்கள். பின்பக்கம் இருந்த ஆன்டி-ஸ்வே பார் என்ற கம்பியைக் கழற்றினார்கள். அவ்வளவுதான்!

முதலாவது எல்லோருக்கும் புரியும். காலை அகட்டி நிற்பவனைத் தள்ளுவது கஷ்டம். இரண்டாவதுதான் தலையைச் சொறிய வைக்கும். அந்தக் கம்பியின் வேலையே வண்டி சாய்வதைக் குறைப்பது. அதை எடுத்தால் எப்படிப் பாதுகாப்பு கூடும்?

விஷயம் டயரில் இருக்கிறது. திருப்பத்தில் எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். இரண்டு டயர்களும் எடையைச் சமமாகச் சுமந்தால் கிடைக்கும் பிடிப்பு, ஒன்றே பெரும்பகுதியைச் சுமந்தால் கிடைக்காது. கம்பி பின்பக்கத்தை விறைப்பாக்குகிறது. அதனால் பின்னால் இருக்கும் வெளிச்சக்கரத்தின் மேல் சுமை குவிகிறது, பின்பக்கத்தின் பிடிப்பு முன்பக்கத்தைவிடச் சீக்கிரம் விட்டுப்போகிறது. வால் வெளியே வீசுகிறது. ஓட்டுபவர் கேட்டதைவிட வண்டி அதிகமாகத் திரும்புகிறது. இதைத்தான் ஓவர்ஸ்டியர் என்கிறார்கள். திருப்பம் இறுக இறுகப் பக்கவாட்டு விசை திடீரென்று ஏறும், வண்டி கவிழும். கம்பி இல்லாவிட்டால் உடம்பு இன்னும் கொஞ்சம் சாயும். ஆனால் முதலில் வழுக்குவது முன்பக்கம், வண்டி நேராகப் போகப் பார்க்கும். அந்தச் சாய்வே ஓட்டுபவருக்கு "போதும்டா" என்று சொல்லும் எச்சரிக்கை மாதிரி. சாயாத வண்டி கவிழாத வண்டி என்று நினைப்பது தப்புக்கணக்கு.

ஆணையத்தின் சோதனையில், பழைய ரைனோ 660 பக்கவாட்டு முடுக்கம் 0.67 ஜி வந்ததும் கவிழும் நிலைக்குப் போனது. மாற்றிய பிறகு அது 0.705 ஜி. பார்க்க அற்ப வித்தியாசம். ஆனால் 2014-ல் இந்த வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஆணையம் முன்மொழிந்த குறைந்தபட்ச எல்லை 0.70! சரிசெய்த பிறகு ரைனோ விபத்துகள் குறைந்ததாக அதே ஆணையம் குறிப்பிட்டது. அதில் கதவுக்கும் பெல்ட்டுக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்தான்.

இந்தப் பக்கம் இப்படி மில்லிமீட்டர் கணக்குப் பார்க்க, அந்தப் பக்கம் வண்டிக்காரர்கள் செய்யும் அலங்காரம் இருக்கிறதே! கம்பெனி போட்ட 25 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 27 அங்குலம் மாட்டினால் வண்டி முழுவதும் ஓர் அங்குலம் உயரும். அதன்மேல் லிஃப்ட் கிட். அதன்மேல் கூரையில் ஸ்பீக்கர், ஸ்டெப்னி. ஸ்பிரிங்கை இறுக்கி வைத்தாலும் உயரம் கூடுகிறது. ஈர்ப்பு மையம் மேலே போகப் போக, ஸ்பேசர் வாங்கித் தந்த லாபம் கைநழுவிக்கொண்டே இருக்கும்.

ஸ்பேசரும் சும்மா வருவதில்லை. சக்கரம் வெளியே போனால் பேரிங்கில் நெம்பும் விசை கூடுகிறது, நட்டுகளை அடிக்கடி பார்த்து இறுக்க வேண்டும். பாதையின் அகலமும் இடிக்கும். அமெரிக்கக் காட்டுப்பாதைகள் பலவற்றில் 50 அங்குலத்துக்கு மேல் அகலமான வண்டிக்கு அனுமதி இல்லை. போலாரிஸ் தன் முதல் ஆர்.இசட்.ஆர் வண்டியைச் சரியாக 50 அங்குலத்தில் செய்தது அதற்காகத்தான். அதே கம்பெனி 2011-ல் விட்ட ஆர்.இசட்.ஆர் எக்ஸ்பி 900-ன் அகலம் 64 அங்குலம். வேகம் வேண்டுமென்றால் குறுகிய பாதையை விட்டுவிட வேண்டியதுதான்.

ரைனோ உற்பத்தி 2013 மாடலோடு நின்றுபோனது. பழைய வண்டியாக இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. 450-யோ 660-யோ வாங்கப் போகிறவர் பெயின்ட்டையும் கூரை விளக்கையும் அப்புறம் பார்க்கலாம். முதலில் பின்பக்கம் குனிந்து, சக்கரத்துக்கு உள்ளே ஸ்பேசர் இருக்கிறதா, குறுக்கே அந்தக் கம்பி இன்னும் இருக்கிறதா என்று பார்க்கட்டும். பிறகு பெல்ட்டை இழுத்துப் பார்க்கட்டும்.