எல்லைக்கோட்டில் ஒரு தாய்வீடு

நேபாளத்துக்குச் செல்லும் நம் நாட்டவருள் பனிமுடிகளைக் காணச் செல்வோர் சிலர். பசுபதிநாதரையும் லும்பினியையும் தரிசிக்கச் செல்வோர் பலர். சென்ற விடுமுறையில் எங்கள் கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர் பன்னிருவருடன் நான் அங்கு சென்றது வேறொரு நோக்கத்துடன். மனிதரை விலைபேசும் கொடுமையை எதிர்த்து உழைப்போருக்கு இரண்டு வாரமேனும் துணைநின்று, அவர்களிடமிருந்து கற்று வருதலே எம் எண்ணம்.

காத்மண்டுவிலிருந்து புறப்படும் பஸ் வண்டி திரிசூலி ஆற்றங்கரையோடு வளைந்து வளைந்து இறங்குகின்றது. இருமருங்கும் மலைச்சரிவில் படிபடியாக வெட்டிய வயல்கள். நாராயணி ஆற்றைக் கடந்து, பூட்வல் நகரையும் தாண்டியபின் நிலம் முற்றிலும் சமவெளியாகிவிடுகின்றது. இதனைத் தராய் என்பர். பைரவா நகருக்குத் தெற்கே சிறிது தூரத்தில் இந்திய எல்லை வந்துவிடும். நேபாளப் பக்கத்து ஊர் பெலஹியா. இந்தியப் பக்கத்து ஊர் சுனௌலி. வட இந்தியாவிலிருந்து லும்பினிக்கு வரும் நம் நாட்டு யாத்திரிகரிற் பலர் இவ்வழியையே நாடுவர்.

எல்லை என்றதும் முள்வேலியை எதிர்பார்த்த மாணவர் வியந்து நின்றனர். நடுவே ஒரு வளைவு. அதன் கீழே லொறிகளும் ரிக்‌ஷாக்களும், மூட்டை சுமந்த மக்களும் இடையறாது போய்வருகின்றனர். 1950ஆம் ஆண்டு இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக, இந்தியரும் நேபாளியரும் கடவுச்சீட்டோ விசாவோ இன்றி இவ்வழியே போய்வரலாம். உறவினரைக் காண்பதற்கும் தொழில் தேடுவதற்கும் ஏழை மக்களுக்கு இது பெருவாய்ப்பு. ஆயினும் அதே வாயில் தரகனுக்கும் திறந்தே கிடக்கின்றது. “நல்ல வேலை”, “நல்ல மாப்பிள்ளை” என்னும் இரு சொற்களே அவனது வலை. அவன் பெரும்பாலும் அந்நியனும் அல்லன்; ஊரவனாகவோ உறவினனாகவோ வருகின்றான்.

அந்த வலையை அறுக்கும் கருவி மிக எளியது. பொலிசாருக்குப் பக்கத்தில் சில பெண்கள் நாள் முழுவதும் நிற்கின்றனர். ஓர் இளம் பெண் தயங்கித் தயங்கி வந்தால், அவளையும் உடன் வந்தவனையும் தனித்தனியே அழைத்து வினவுகின்றனர். எங்கே போகின்றாய்? உடன் வருபவர் யார்? வீட்டார் அறிவாரா? இருவர் விடையும் முரண்பட்டால் பயணம் நிற்கின்றது. பெற்றோருக்குச் செய்தி போகின்றது. இவ்வாறு நிற்கும் பெண்களுள் ஒருகாலத்தில் தாமே விற்கப்பட்டு மீண்டவர்களும் உளர்.

இத்தொண்டில் முன்னணியில் நிற்பது ‘மைத்தி நேபாள்’ என்னும் நிறுவனம். 1993இல் இதனை நிறுவிய அநுராதா கொய்ராலா அம்மையார் பல ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவர். ‘மைத்தி’ என்றால் மணமான பெண்ணின் தாய்வீடு. இப்பெயரின் ஆழத்தை 1996ஆம் ஆண்டு உலகுக்கு உணர்த்தியது. அவ்வாண்டு பம்பாயில் நடந்த பொலிஸ் சோதனைகளில் ஏறத்தாழ 500 பெண்கள் மீட்கப்பட்டனர். அவர்களுள் ஏறக்குறைய 200 பேர் நேபாளியர். தாய்நாட்டு அரசு அவர்களை ஏற்கத் தயங்கிற்று. தொண்டு நிறுவனங்களே நூற்றுக்கு மேற்பட்டோரை அழைத்து வந்து அடைக்கலம் தந்தன. அவ்வாறு மீண்டவர்கள் அதே ஆண்டில் அமைத்த ‘சக்தி சமூஹ’ என்னும் சங்கம் 2013இல் மகசேசே விருது பெற்றது.

நாங்கள் பணிபுரியச் சென்ற அலுவலகத்தில் முதல் நாளே ஒரு விதி சொல்லப்பட்டது: மீட்கப்பட்ட பெண்களைப் பார்க்கவோ, படமெடுக்கவோ கூடாது. மாணவர் முகங்கள் வாடின. “சேர், அவர்களைக் காணாமல் நாங்கள் என்ன உதவி செய்வது?” என்று ஒருவன் கேட்டான். அலுவலகத்து அம்மையார் அதனை விளங்கிக்கொண்டு, “தாய்வீட்டுக்குத் திரும்பிய மகளை வந்தவர் போனவரெல்லாம் பார்த்துக் கதை கேட்பது முறையா, தம்பி?” என்றார். அதன்பின் எவரும் கேட்கவில்லை. கணக்குகளைக் கணினியில் பதிந்தனர். ஆங்கிலக் கடிதங்கள் எழுதினர். தையல் அறைச் சுவருக்கு வெள்ளையடித்தனர். சோற்றுக் கிடாரம் கழுவினர்.

அவ்விதியின் நியாயத்தை மற்றுமொரு செய்தி தெளிவாக்கிற்று. காத்மண்டுவில் சில சிறுவர் இல்லங்கள் உண்டு. தொலைமலைக் கிராமங்களில், “படிப்பிக்கின்றோம்” என்று பெற்றோரை நம்பவைத்துப் பிள்ளைகளைக் கொண்டுவந்து, அவர்களை அநாதைகள் எனக் காட்டி, வெளிநாட்டுத் தொண்டரிடம் பணம் பெறுகின்றனர். பிள்ளையைத் தழுவிப் படமெடுத்துக்கொள்ளும் நல்ல மனத்தவனின் காசே தரகனுக்குக் கூலியாகின்றது! இரக்கம் நன்று, விசாரித்து அறிந்தபின் காட்டும் இரக்கமே தருமம். இதனை நூறு பாடங்களிலும் என்னால் இத்துணைத் தெளிவாகக் கற்பித்திருக்க இயலாது.

இது தொலைநாட்டுக் கதையென்று வாசகர் இருந்துவிடலாகாது. மத்திய கிழக்கில் வீட்டுப்பணிக்குச் சென்று அல்லலுற்ற நம் சகோதரிகள் பலர். அண்மை ஆண்டுகளில், கணினி வேலையென நம்பித் தாய்லாந்து சென்ற நம் இளைஞர் சிலர், மியன்மார் மோசடி முகாம்களில் அடைபட்டு, பெரும்பாடுபட்டு மீட்கப்பட்டனர். பெலஹியாவில் கேட்கப்படும் வினாக்களை நாம் நம் வீட்டு முற்றத்திலேயே கேட்கலாம். அழைக்கும் முகவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அனுமதி பெற்றவரா? ஒப்பந்தம் எழுத்தில் உண்டா? வேலைக்குச் செல்பவரைச் சுற்றுலா விசாவில் அனுப்புவது ஏன்? ஒரு கடிதத்தை வாசித்துப் பொருள் சொல்லத் தெரிந்த மாணவன் தன் அயலவருக்கு இவ்வளவும் செய்யலாம். அதற்கு இமயம் வரை செல்ல வேண்டுவதில்லை.