வன்னிக் குளங்களிலே தூண்டில்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வாழ்வோர்க்குக் கடல் புதிதன்று. மூன்று நாழிகை நடந்தால் எத்திசையிலும் உப்புநீர் எதிர்ப்படும். ஆயின் வற்றாத ஆறொன்று எமக்கு இல்லை. கிணற்றையும் மழையையும் நம்பிய நிலம் இது. ஆகவே, பாரை, சூடை, ஒட்டி என்று கடல்மீன்களைப் பெயர் சொல்லி அழைக்கும் எம் பிள்ளைகள் பலருக்கு விரால் என்பது புத்தகத்திற் கண்ட படம் மாத்திரமே. இக்குறையை நீக்கக் கருதி, மாணவர் சிலரையும் அவர்தம் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு வன்னிக் குளமொன்றிலே தூண்டிலிடச் செல்வதற்குத் திட்டம் வகுத்தோம். அவ்வாறு செல்ல விரும்பும் பிறர்க்கும் பயன்படுமென எண்ணி, நாம் ஆராய்ந்தவற்றை ஈண்டுக் கூறுகின்றோம்.

முதலில் எழுந்த வினா, எங்கே செல்வது என்பதாகும். அண்மையில் உள்ளது சுண்டிக்குளம். பெயரிலே குளம் இருப்பினும் அது கடலேரி. மழைக்காலத்தில் நன்னீரும் கோடையில் உவர்நீரும் ஓங்கும் இடம். 1938 இல் பறவைகள் சரணாலயமாகிய அப்பகுதி, 2015 இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே நாரையையும் பூநாரையையும் கண்டு மகிழலாம். தூண்டிலை வீட்டிலே வைத்துவிட்டுச் செல்லல் வேண்டும். அடுத்தது மன்னார்ப் பகுதியிலுள்ள கட்டுக்கரைக் குளம். அருவியாற்றை மறித்த தேக்கம் அணையிலிருந்து நீர் பெறும் அப்பழம்பெருங் குளம் பரப்பிற் பெரிது, ஆழத்திற் குறைந்தது, வெயிற்காலத்தில் விரைந்து வற்றுவது. 1954 இல் அதுவும் சரணாலயமாக்கப்பட்டது.

எஞ்சியது இரணைமடு. இரணை என்பது இரட்டை. மடு என்பது ஆழமான நீர்நிலை. கனகராயன் ஆற்றை மறித்து, 1902 இல் தொடங்கிய வேலையின் பயனாய் எழுந்த அக்குளம், பின்னர்ப் படிப்படியாக உயர்த்தப்பட்டு இன்று வடமாகாணத்தின் மிகப்பெரிய நீர்த்தேக்கமாய் விளங்குகின்றது. கண்டி வீதி வழியே கிளிநொச்சியைக் கடந்து இரணைமடுச் சந்தியிலே கிழக்கே திரும்பினால் குளக்கட்டை அடையலாம். புகைவண்டியை விரும்புவோர் கிளிநொச்சியில் இறங்கலாம். இன்னுஞ் சிறிது தெற்கே சென்று முறிகண்டிப் பிள்ளையாரை வணங்கி, கச்சான் வாங்கிக் கொறித்துத் திரும்புவது வழிப்போக்கர் வழக்கம். பிள்ளைகள் அதனை மறக்கவிடார்.

இரண்டாவது வினா, எப்பொழுது செல்வது என்பது. இதிலேதான் எம்முட் கருத்து வேறுபாடு தோன்றியது. மார்கழி விடுமுறை வேண்டாமென்பதில் அனைவரும் ஒருமித்தோம். வடகீழ்ப் பருவமழையாற் குளம் நிரம்பி வான் பாயுங் காலம் அது. நீரின் வேகம் பெரியோரையும் இழுத்துச் செல்லும். ஆவணி விடுமுறையே சிறந்ததெனச் சிலர் வாதித்தனர். நீர் வற்றி மீன்கள் சிறிய இடத்திலே திரள்வதால், தூண்டிலிடத் தெரியாதவனும் பை நிறையப் பிடிக்கலாம் என்பது அவர்தம் கூற்று. அது உண்மையே. ஆயினும், அவ்வாறு எஞ்சிய மீன்களே அடுத்த மழையில் முட்டையிட்டுக் குளத்தை நிரப்ப வேண்டியவை. குளத்தை நம்பி வாழும் மீனவக் குடும்பங்களின் வரும் ஆண்டு உணவு அவை. போரினால் இடம்பெயர்ந்து, 2009 இன் பின்னர் மீண்டு வந்து, வலையும் வள்ளமும் புதிதாய்த் தேடிக்கொண்ட மக்கள் அவர்களுள் பலர். ஒருநாட் பொழுதுபோக்கின் பொருட்டு அவர்கள் கலத்திற் கைவைத்தல் தகுமோ? ஈற்றில் சித்திரை விடுமுறையைத் தெரிந்தோம். காலபோக அறுவடை முடிந்திருக்கும். குளத்திலே நீரும் போதியது இருக்கும். மீன்களும் பரந்து வாழும். குறைவாகவே அகப்படும். அக்குறைவே எமக்கு உகந்தது.

சட்டத்தையும் அறிதல் வேண்டும். 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டம் உள்நாட்டு நீர்நிலைகளையும் ஆளுகின்றது. வெடியும் நஞ்சும் கொண்டு மீன் பிடித்தல் குற்றம். குளங்களிற் குஞ்சு விடும் பணியை, 1998 இன் சட்டத்தால் அமைந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை செய்து வருகின்றது. எனவே, குளத்து மீனவர் சங்கத்தாரை முன்னரே கண்டு, அனுமதி கேட்டு, அவர்கள் காட்டும் இடத்திலே தூண்டிலிடுவதே முறை.

இனி மீன்களைப் பற்றிச் சிறிது கூறுவோம். 1952 இல் இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, பிசைந்த மாவுக்கும் மண்புழுவுக்கும் எளிதில் வசப்படும். அதன் தாய் முட்டைகளை வாயிலே சுமந்து பொரிக்கும். கெளிறு மாலையில் அடித்தரையை நாடும். அதன் செட்டை முள் குத்தினாற் கடுத்து நோகும். ஆதலாற் பிள்ளைகள் அதனைத் தொடலாகாது. விரால் தாமரைக்கொடிகளினிடையே பதுங்கி, இடையிடையே மேலெழுந்து காற்றை விழுங்கும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாய்த் திரியுமிடத்தில், அவற்றைக் காக்கும் பெற்ற விரால் கீழே நிற்குமென அறிக. அங்கே தூண்டிலை இழுத்துக்கொள்ளல் வேண்டும். அதனைப் பிடித்தால் குஞ்சுகள் அனைத்தும் பிற மீனுக்கு இரையாகும். நூறு பாடங்களால் உணர்த்தவியலாத ஒன்றை அக்காட்சி ஒரு கணத்தில் உணர்த்தும்.

கொண்டுசெல்வன அதிகமில்லை: மூங்கிற் கம்பு, தங்கூசி, சிறு தூண்டில்கள், மிதப்பு, ஈயக்குண்டு, குடிநீர், தொப்பி, காயத்துக்கு மருந்து. வன்னிக் குளங்களில் முதலைகள் உண்டு. ஆதலின் நீரில் இறங்குதலும் குளித்தலும் கூடா. கட்டிலோ மேட்டிலோ நின்றே தூண்டிலிடுக. பொழுது சாயுமுன் புறப்படுக. அந்தியில் யானைகள் நீரருந்த வரும் காடுகள் அண்மையிலுள.

விடியற்காலையிலே குளக்கட்டை அடைவோர், முதல்நாள் மாலை விரித்த வலைகளோடு கரை சேரும் வள்ளங்களைக் காணலாம். அவர்களிடமே அன்றைய கறிக்கு மீனை விலைகொடுத்து வாங்குக. தூண்டிலில் அகப்பட்ட சிறியவற்றை மீண்டும் நீரிலே விடுக. கையிற் கொண்டுவரும் மீன் சிலவாயினும், சோற்றையும் மீனையும் எமக்குத் தரும் குளம் எத்துணைக் கைகளால் வாழ்கின்றது என்னும் அறிவோடு பிள்ளைகள் வீடு திரும்புவராயின், அப்பயணம் நிறைவுற்றதென்றே நாம் கொள்வோம்.