திரும்பும் மணி

காலத்தைக் காட்டும் கருவிகள் பல. கோயில் மணியும் ஆலைச் சங்கும் ஊருக்கெல்லாம் பொது. கைக்கடிகாரம் ஒன்றே ஒருவனுக்கென்று உரியது. அதை எதற்காகக் கட்டிக்கொள்கிறோம் என்பதை நாங்கள் நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை. அந்த எண்ணம் ஒரு மலையேற்றக் கடிகாரத்தால், சற்றுக் காலந்தாழ்த்தியே எங்களுக்கு வந்தது.

2018-ஆம் ஆண்டு எங்கள் மகன் தன் முதற் சம்பளத்தில் ஒரு கடிகாரம் வாங்கி வந்தான். தடித்த கூடு, இருளில் ஒளிரும் எண்கள், மணியோடு உயரத்தையும் காற்றழுத்தத்தையும் திசையையும் காட்டும் அமைப்பு. விலையைக் கேட்டுத் திடுக்கிட்டோம். "கொல்கத்தாவில் எந்த மலை இருக்கிறது? மணி பார்க்க இவ்வளவு பணமா?" என்று கடிந்துகொண்டோம். அவன் விடை கூறவில்லை. அவ்வாண்டு பூஜை விடுமுறையில் எங்களை டார்ஜீலிங்குக்கு அழைத்துச் சென்றான்.

அங்கே 1954-இல் தொடங்கப்பெற்ற இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையமும், அதனைச் சார்ந்த அருங்காட்சியகமும் உள்ளன. டென்சிங் பல்லாண்டுகள் பயிற்சி இயக்குநராகப் பணியாற்றிய இடம் அது. பழைய கயிறுகளையும் பனிக்கோடரிகளையும் பார்த்துக்கொண்டே எங்கள் மகன் கடிகாரக் கதையைச் சொன்னான்.

1953-ஆம் ஆண்டு எவரெஸ்ட் குழுவினருக்கு இங்கிலாந்தின் ஸ்மித்ஸ் நிறுவனமும் சுவிட்சர்லாந்தின் ரோலெக்ஸ் நிறுவனமும் கடிகாரங்கள் வழங்கின. ஹில்லாரி உச்சிக்குக் கட்டிச் சென்றது சாவி கொடுத்து ஓட்டும் ஸ்மித்ஸ் கடிகாரம். அது இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளது. அவ்வாண்டிலேயே ரோலெக்ஸ் நிறுவனம் எக்ஸ்ப்ளோரர் என்னும் பெயரில் 3, 6, 9 என்ற பெரிய எண்களோடு ஒரு கடிகாரத்தை வெளியிட்டது. கடுங்குளிரில் சாதாரண எண்ணெய் கெட்டிப்பட்டு, சக்கரங்கள் தளர்ந்து, முள் நின்றுவிடும். எனவே குளிர் தாங்கும் எண்ணெய், ஈரம் புகாத மூடி, அடி தாங்கும் அமைப்பு ஆகியவை வேண்டியிருந்தன.

"இவ்வளவு பாடும் எதற்கு? அங்கே யார் அலுவலகத்துக்குப் போகிறார்கள்?" என்று கேட்டோம்.

"அங்கே மணி என்பது மூச்சுக் கணக்கு, அப்பா" என்றான். 1953 மே 29 அன்று தென்சிகரத்தில் ஹில்லாரிக்கும் டென்சிங்குக்கும் ஆளுக்கு ஒரு முழு உருளை ஆக்சிஜனே எஞ்சியிருந்தது. உருளையில் 800 லிட்டர். நிமிடத்துக்கு 3 லிட்டர் செலவு. ஏறத்தாழ நாலரை மணி நேரம். அதற்குள் ஏறவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். காலை 11.30 மணிக்கு உச்சியை அடைந்தவர்கள் அங்கே தங்கியது ஏறத்தாழக் கால் மணி நேரமே.

அவர்களுக்கு மூன்று நாள் முன்னர், மே 26 அன்று, போர்டில்லனும் எவான்ஸும் அதே தென்சிகரத்தைப் பிற்பகல் 1 மணிக்கு அடைந்தனர். உச்சி ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் இருந்தது. ஆயினும் நேரமும் ஆக்சிஜனும் போதாமையால் திரும்பினர். டென்சிங்கும் 1952 மே 28 அன்று லாம்பெர்ட் என்னும் சுவிஸ் நண்பரோடு ஏறத்தாழ 8,600 மீட்டர் வரை சென்று திரும்பியவரே. மறு ஆண்டு உச்சியில் நின்றபோது அவர் கழுத்தில் இருந்தது லாம்பெர்ட் தந்த சிவப்புத் துணி. திரும்பியதனாலேயே அவரால் மீண்டும் ஏற முடிந்தது.

இதைக் கேட்டபோது எங்களுக்கு எங்கள் தந்தையாரின் நினைவு வந்தது. 1956-இல் கும்பகோணத்திலிருந்து கல்கத்தா வந்தவர் அவர். "பத்தாண்டில் ஊர் திரும்பிவிடுவேன்" என்று தம் தாயாரிடம் சொல்லி வந்தார். நாள்தோறும் காலை ஆறரை மணிக்குத் தம் எச்.எம்.டி. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். அலுவலகத்துக்கு ஒரு நிமிடமும் தாமதித்ததில்லை. 1968-இல் பாட்டியார் நோயுற்றிருப்பதாகக் கடிதம் வந்தது. மார்ச் மாதக் கணக்கு முடியட்டும், ஏப்ரலில் போகலாம் என்றிருந்தார். தந்தி முந்திக்கொண்டது. ஹவுராவில் ரயிலேறி அவர் ஊர் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. யார் மீதும் அவர் குறை கூறவில்லை. அலுவலகம் செல்லும் நேரத்தைத் தவறாமல் சொன்ன அக்கடிகாரம் திரும்பும் நேரத்தை மட்டும் சொல்லவேயில்லை.

2019 ஏப்ரலில் எங்கள் மகன் தன் நண்பன் ஒருவனோடு 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பு மலைக்கு நடந்தான். இறுதி நாளன்று பிற்பகல் 2 மணிக்குள் உச்சி சேராவிடில் திரும்புவது என்பது அவர்கள் முன்பே செய்த முடிவு. நண்பனுக்குத் தலைவலியும் குமட்டலும் கண்டன, நடை தளர்ந்தது. இளைப்பாற அமர்ந்திருந்தபோது, அசையாமலிருந்தும் உயரம் கூடிக்கொண்டிருப்பதாகக் கடிகாரம் காட்டியது. அக்கடிகாரம் உயரத்தைக் காற்றழுத்தத்தைக் கொண்டே கணிப்பது. நின்ற இடத்தில் உயரம் கூடினால் அழுத்தம் குறைகிறது, வானிலை கெடுகிறது என்பது பொருள். மணி இரண்டு. உச்சியிலுள்ள விடுதியின் கூரை கண்ணுக்குத் தெரிந்தது. திரும்பிவிட்டார்கள். கீழே இறங்க இறங்க நண்பன் தேறினான். அன்றிரவு மலைமேல் பனி பெய்தது.

நவம்பரில் இருவரும் மீண்டும் சென்று, சந்தக்பு உச்சியிலிருந்து கஞ்சன்ஜங்காவையும் எவரெஸ்டையும் கண்டு வந்தனர். அதன் பின்னர் அக்கடிகாரத்தின் விலையை நாங்கள் பேசியதில்லை.

அண்மையில் ஒரு நாள் அவன், "அத்தைப்பாட்டியைப் பார்க்க எப்போது போகிறீர்கள், அப்பா?" என்று கேட்டான். எங்கள் தந்தையாருடன் பிறந்தவர்களில் இன்று எஞ்சியிருப்பவர் அந்த அத்தை ஒருவரே, கும்பகோணத்தில் இருக்கிறார். "பூஜை கழியட்டும், சங்கத்து ஆண்டு விழாவும் முடியட்டும்" என்றோம். சொல்லி முடிப்பதற்குள் எங்கள் குரலிலேயே தந்தையாரின் குரல் கேட்டது. மகன் ஒன்றும் சொல்லாமல் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டான்.

மறுநாளே பயணச்சீட்டு வாங்கிவிட்டோம். அன்பர்கள் பொறுத்தருள்க, இம்மலர் தங்கள் கைக்கு வரும் வேளையில் நாங்கள் விழாவில் இருக்கமாட்டோம். கும்பகோணத்தில் அத்தையின் திண்ணையில் இருப்போம்.