சும்மா நிற்கும்போது சாகும் இஞ்சின்

லீமா கெடாய் டிராபிக் லைட்டில் இஞ்சின் மூன்றாவது முறையாகச் செத்தபோது, பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று நின்றிருந்தது. ஹோன் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. டிரைவர் தலையை வெளியே நீட்டி, ‘பரவால்ல, நிதானமா எடு’ என்பதுபோல் கையை ஆட்டினார். அந்தக் கருணைதான் தாங்க முடியவில்லை. பக்கத்தில் அம்மா, மடியில் சுல்தானா அமினா மருத்துவமனையின் கண் சிகிச்சை அட்டையோடு. “கால எடுத்துட்ட பாரு, அதான் செத்துருச்சி” என்றார். கார் ஓட்டத் தெரியாதவர் சொல்லும் யோசனை. நான் பதில் சொல்லாமல் சாவியைத் திருகினேன்.

காடி அப்பாவுடையது. புரோட்டோன் இஸ்வாரா, 1.3, மேனுவல் கியர், கார்புரேட்டர். 1985-இல் மிட்சுபிஷியின் துணையோடு ஷா ஆலாமில் தயாரான சாகாதான் நாட்டின் முதல் கார். அதையே கொஞ்சம் முகம் மாற்றி 1992-இல் இஸ்வாராவாக விட்டார்கள். முதல் சாகாவைக் கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். எங்கள் இஸ்வாராவையும் அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்பது தம்பியின் கருத்து.

அப்பா ஃபேக்டரி பஸ் ஓட்டியவர். கெலாங் பாத்தா சுற்றுவட்டாரத்தில் விடியற்காலையில் ஆட்களை ஏற்றி, இரவு இறக்கிவிட்டு, நடுவில் கிடைக்கும் நேரத்தில் இந்தக் காடியைத் துடைப்பார். என்னை ஓட்ட விட்டதில்லை. “கிளட்ச கெடுத்துருவ” என்பார். லைசன்ஸ் எடுத்து மூன்று வருடம் சும்மாதான் வைத்திருந்தேன். 2021-இல் அவர் போனபிறகு சாவி என் கைக்கு வந்தது. வந்த ஒரு மாதத்தில் காடி சாக ஆரம்பித்தது.

அப்பா இருந்தவரை ஒருநாளும் நடுரோட்டில் நின்றதில்லை என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாரும் சொல்வது. எனவே காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். காடி அப்பாவுக்காகத் துக்கம் காக்கிறது, அல்லது எனக்கு ஓட்டத் தெரியவில்லை. அத்தை முதல் கட்சி. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். மறுநாள் காலை டோலில் செத்தது. தம்பி இரண்டாவது கட்சி.

தாமானுக்கு வெளியே இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த ஃபோர்மேன் இளைஞர், சுறுசுறுப்பானவர். “ரன்னிங் நிக்கல” என்றதுமே பானெட்டைத் திறந்துவிட்டார். பிளக் மாற்றினார். ஒரு வாரம் கழித்து பிளக் கேபிள். பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பெட்ரோல் ஃபில்டர். பிரேக் கல் மாதிரி கனக்கிறது என்றேன்; பிரேக் பேட் மாற்றினார். கடைசியாகக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டிவிட்டு, ரன்னிங் ஸ்குருவைத் திருகி இஞ்சினைக் கத்தவிட்டார். இரண்டு வாரம் சாகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் நேரமெல்லாம் பக்கத்துக் காரில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உறுமியது. மூன்றாவது வாரம் உறுமிக்கொண்டே செத்தது. மொத்தம் 870 வெள்ளி.

அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஒவ்வொரு பொருளும் பழசுதான், மாற்ற வேண்டியதுதான். ஆனால் இந்தப் பட்டறையில் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை. எப்போது சாகிறது, எங்கே, எத்தனை நேரம் ஓடிய பிறகு என்று யாரும் விசாரிக்கவில்லை. நான் போயிருக்கும் சிறுகதைப் பட்டறைகள் சிலவும் இப்படித்தான். கதையைப் பாதி படித்ததுமே தொடக்கத்தை மாற்று, தலைப்பை மாற்று, முடிவை வெட்டு என்பார்கள். மாற்றி எடுத்துவந்தால் கதை அதே இடத்தில்தான் நிற்கும்.

கையில் காசு தீர்ந்ததால்தான் அம்மாவிடம் கேட்டேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு தாளை வைத்துக்கொண்டு, “எப்பெப்ப செத்துச்சி, ஞாபகம் இருக்கா?” என்றேன். அம்மா யோசிக்கவே இல்லை.

“காலையில எடுக்கறப்ப நல்லாத்தான் இருக்கு. பத்து நிமிசம் ஓடுனாத்தான் ஆரம்பிக்குது. ஓடறப்ப ஒண்ணுமில்ல, நிக்கிறப்பதான். ஏர்கோன் போட்டா சீக்கிரம் செத்துரும். சாவறதுக்கு முந்தி ‘உஸ்’ஸுனு ஒரு சத்தம் கேக்கும், என் கால் பக்கமா இல்ல, ஒன் கால் பக்கமா. பிரேக்கு கனக்குதுன்னு நீ சொல்றதும் அன்னிலருந்துதான்.”

இருபது வருடம் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்திருந்தவர். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கடைசியாக, போகிற போக்கில் ஒன்று சொன்னார்: “ஒங்கப்பா நிப்பாட்டுனாலும் எண்ணெய லேசா மிதிச்சிக்கிட்டேதான் இருப்பாரு. ஒரு பாதம் ரெண்டையும் அமுக்கும், நீ பாத்ததில்லயா?”

பார்த்ததில்லை. நான் எப்போதும் பின்சீட்டில்.

அம்மா சொன்ன ஒவ்வொன்றுக்கும் இஞ்சினில் காரணம் இருப்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார்புரேட்டருக்குள் இருக்கும் தட்டு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். பிஸ்டன்கள் இழுத்துக்கொண்டே இருக்கும், ஆனால் காற்று வர வழி குறைவு. அதனால் தட்டுக்கு அந்தப் பக்கம் காற்றழுத்தம் வெளியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கிவிடும். அந்த உறிஞ்சலில்தான் மிகச் சிறிய துளை வழியாகக் கொஞ்சம் பெட்ரோல் வந்து சேர்கிறது. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று இருந்தால் சரியாக எரியும். எங்காவது ஒரு ரப்பர் குழாயில் நகக்கீறல் அளவு வெடிப்பு இருந்தால், நெடுஞ்சாலையில் ஓடும்போது அதன் வழியே நுழையும் காற்று கணக்கிலேயே வராது. டிராபிக் லைட்டில் நிற்கும்போதோ மொத்தக் காற்றில் அது பெரிய பங்கு. கலவை நீர்த்துப்போய் எரியாது. காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சோக் கூடுதல் பெட்ரோலை விட்டு இந்தக் குறையை மறைத்துவிடுகிறது. சூடேறி சோக் திறந்ததும் குட்டு உடையும். ஏர்கோன் அதன்மேல் ஏறும் சுமை.

பிரேக்? நம் காலின் பலத்தைப் பெருக்கித் தருவதும் இதே உறிஞ்சல்தான். இஞ்சினிலிருந்து ஒரு தடித்த குழாய், டிரைவரின் காலுக்கு முன்னால் இருக்கும் வட்டமான கறுப்பு டப்பாவுக்குப் போகிறது. நான் இரண்டு வியாதி என்று நினைத்து இரண்டுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டியது ஒரே வியாதிக்கு.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. தாளை எடுத்துக்கொண்டு, அப்பா எப்போதாவது போகும் ஒரு சீன அங்கிளின் பட்டறைக்குப் போனேன். கெலாங் பாத்தாவின் பழைய கடை வரிசைக்குப் பின்னால், தகரக் கூரை. அவருக்கு எழுபது இருக்கும். தாளை நான் மலாயில் வாசித்துக்காட்டினேன். ‘உஸ்’ என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். இஞ்சினைச் சூடேறும்வரை ஓடவிட்டார். எதையும் கழற்றவில்லை. பிளையரின் வாயில் துணியைச் சுற்றி, அந்தத் தடித்த குழாயை இஞ்சின் பக்கமாக நசுக்கினார்.

இஞ்சின் நிமிர்ந்தது. வேறு சொல் தெரியவில்லை. நடுங்கிக்கொண்டிருந்த பானெட் அடங்கியது. பிளையரை விட்டார், மறுபடி நடுக்கம். “அங்கின் மாசோக்” என்றார். காற்று புகுகிறது.

குழாயின் மறுமுனையை வெளியே இழுத்தார். கறுப்பு டேப். டேப்பைப் பிரித்தால் அதற்கடியில் சைக்கிள் டியூப் ரப்பர் பட்டை, அதன்மேல் மெல்லிய கம்பிக் கட்டு. கம்பியின் முனை உள்பக்கமாக மடித்து, கையில் குத்தாதபடி வைத்திருந்தது. எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய், மேசை விசிறி, அம்மாவின் தையல் மெஷின் எல்லாவற்றிலும் இருக்கும் அதே மடிப்பு. “சியாப்பா புவாட்?” என்று கேட்டார். யார் செய்தது. நான் தெரியாது என்றேன்.

புதுக் குழாய் 35 வெள்ளி, கூலி 20. பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் மேசைமேல் வைத்ததும் அம்மா அடையாளம் கண்டுகொண்டார். 2017 நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள், கடையெல்லாம் சாத்திவிட்டான், ஊருக்குப் போக வேண்டியிருந்தது, வாசலில் டார்ச்லைட் பிடித்தது அம்மாதான். “அப்புறமா மாத்திக்கலாம்னாரு.”

எனக்குக் கோபம் வந்தது. நான்கு வருடம். அரைகுறை பிரேக்கோடு, அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு, நெடுஞ்சாலையில். பஸ் ஓட்டும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் டிப்போவுக்குத் திருப்பிவிடும் மனிதர். குழாய் கெட்டதைச் சரிசெய்யாமல் தன் காலை அதற்குப் பழக்கிக்கொண்டிருக்கிறார். அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. காடி சாகாததற்குப் பெயர் நல்ல காடி என்று நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். எனக்குச் சாவி மட்டும் வந்தது.

“ஏதாச்சும் ஆயிருந்தா?” என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான்.

அம்மா குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அவருக்குக் கால் இருந்துச்சில்ல” என்றார். பிறகு, “எனக்கும் தெரியும்தான். கேட்டா சொல்லிருப்பேன்” என்றார். அந்த இரண்டாவது வாக்கியம் யாருக்கானது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த கண் சிகிச்சைக்குப் போன அன்று லீமா கெடாயில் மறுபடி சிவப்பு விழுந்தது. பிரேக் லேசாக இறங்கியது. அங்கிள் ரன்னிங் ஸ்குருவைப் பழைய இடத்துக்கு இறக்கியிருந்தார். ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. ஐயோ, செத்துவிட்டது என்று சாவியைத் திருகினேன். ஓடும் இஞ்சினில் ஸ்டார்ட்டர் உரசி, கரகரவென்று பல்லைக் கூசவைக்கும் சத்தம்.

“ஓடிக்கிட்டுத்தான்டி இருக்கு” என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமலே.