டொக்டர் ஐயாவின் பாடப்புத்தகம்

என் தந்தையார் வடமராட்சியில் ஒரு கிராமப் பாடசாலையில் ஆசிரியராக இருந்தவர். 1986 ஆம் ஆண்டு தொடக்கம் குடற்புண் அவரை வாட்டத் தொடங்கிற்று. நள்ளிரவில் எழுந்து, வயிற்றை அழுத்திப் பிடித்தபடி திண்ணையில் உட்கார்ந்திருப்பார். தாயார் பால் காய்ச்சிக் கொடுப்பார். ஊர் டொக்டர் ஐயா தந்த மாத்திரைகளும், வெண்ணிறத் திரவ மருந்தும், உறைப்பும் புளியும் ஆகாதென்ற கட்டளையும் பதினாறு ஆண்டுகள் எங்கள் வீட்டில் ஆட்சி புரிந்தன. ஒடியற் கூழ் என்றால் உயிரை விடும் அந்த மனிதர், அத்தனை காலமும் அதனை வாயில் வைத்ததில்லை.

டொக்டர் ஐயாவைக் குறைகூற எனக்கு நா எழாது. அவருடன் படித்தவர்கள் கடல் கடந்து சென்ற காலத்தில், ஊரை விட்டுப் போக மறுத்தவர் அவர். மின்சாரம் அற்றுப்போன தொண்ணூறுகளில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்திற் பிரசவம் பார்த்தவர். காசில்லாதவனிடம் காசு கேட்டறியாதவர். ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் நேர்மையாகாது. அவரது மேசையிலிருந்த தடித்த பாடப்புத்தகம், கொழும்பு மருத்துவக் கல்லூரியில் அவர் மாணவராக இருந்தபோது வாங்கியது. அதற்குப் பிறகு வந்த பதிப்பு எதுவும் அந்த மேசைக்கு வந்து சேரவில்லை.

2002 ஆம் ஆண்டு ஏ-9 வீதி திறக்கப்பட்டதும் தந்தையாரைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றேன். அரசாங்க ஆஸ்பத்திரியொன்றில் இளம் வைத்தியர் ஒருவர் குழாயை இறக்கி இரைப்பையைப் பரிசோதித்தார். இரண்டு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் கொடுத்தார். இரண்டே வாரங்கள்! பதினாறு ஆண்டு நோய் அத்துடன் விடைபெற்றது.

மகிழ்ச்சி அடங்கியதும் கேள்வி எழுந்தது. இந்த மருந்து எப்போது வந்தது? தேடிப் படித்தேன். கவலையும் உறைப்பும் அமிலமுமே குடற்புண்ணுக்குக் காரணம் என வைத்திய உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. பெரும்பாலான குடற்புண்களுக்கு ஒரு பக்ரீரியாவே காரணம் என்பதை, 1980களில் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் றொபின் வொறன், பரி மார்ஷல் என்னும் இரு வைத்தியர்கள் எடுத்துக்காட்டினர். பெரியோர் நம்ப மறுக்கவே, 1984 இல் மார்ஷல் அக்கிருமிகள் நிறைந்த திரவத்தைத் தாமே குடித்து, தமது இரைப்பையில் அழற்சி உண்டானதை நிரூபித்தார். 1994 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, இக்கிருமியுள்ள குடற்புண் நோயாளருக்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கவேண்டுமெனப் பரிந்துரைத்தது. 2005 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

1994 இலிருந்து 2002 வரை எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளிலும் என் தந்தையார் திண்ணையில் கழித்த இரவுகளுக்கு யார் பொறுப்பு?

வைத்தியர் ஒருமுறை பரீட்சையிற் சித்தியடைந்தால் ஆயுள் முழுவதற்கும் அது போதுமா என்ற கேள்வியைப் பல நாடுகள் எழுப்பியுள்ளன. ஐக்கிய அமெரிக்காவில், அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் தொடர்கல்வி பெற்றிருக்கவேண்டும் என்று முதன்முதலில் 1971 இல் விதித்தது நியூ மெக்சிக்கோ மாநிலம். இந்திய மருத்துவ மன்றத்தின் 2002 ஆம் ஆண்டு ஒழுக்கவிதிகள், ஐந்து ஆண்டுகளில் 30 மணித்தியாலங்களேனும் தொடர்கல்விக்குச் செலவிடவேண்டும் என்றன. பிரித்தானியாவில் 2012 டிசம்பர் தொடக்கம், வைத்தியர் தமது தகுதியைப் பொதுவாக ஐந்தாண்டுக்கொருமுறை மீள உறுதிப்படுத்த வேண்டியுள்ளது. இலங்கையிலும் இப்பேச்சு எழுந்து பல ஆண்டுகளாகின்றன.

நோயாளியின் மகன் என்ற முறையில் இவ்விதிகளை இரு கரம் கூப்பி வரவேற்கிறேன். ஆனால் நானும் ஓர் ஆசிரியன். ஆசிரியர்களுக்கான சேவைக்காலக் கருத்தரங்குகள் பலவற்றில் உட்கார்ந்து எழுந்தவன். காலையிற் கையொப்பம், பத்து மணிக்குத் தேநீர், பிற்பகலில் மறுபடி கையொப்பம். இடையில் நடந்தது என்னவென்று கேட்டால் விடை சொல்லத் திணறுவோம். மணித்தியாலத்தை எண்ணலாம். அறிவை அவ்வாறு எண்ண முடியுமா?

இதனினும் பெரிய ஆபத்து வேறொன்று. வைத்தியர் கற்றே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லிவிட்டு, கற்பிக்கும் செலவை ஏற்க அரசு மறுத்தால், அந்த இடத்திற்கு யார் வருவார்? மருந்து விற்பவர் வருவார். அமெரிக்காவின் பேர்டியூ பார்மா நிறுவனம் 1996 தொடக்கம் 2001 வரை வலி நிவாரணம் பற்றி நாற்பதுக்கும் மேற்பட்ட மாநாடுகளை நடத்திற்று. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வைத்தியர்களும் மருந்தாளரும் தாதியரும் நிறுவனத்தின் செலவில் அவற்றிற் கலந்துகொண்டனர். அந்நிறுவனம் விற்ற ஒக்சிகொன்ரின் மாத்திரை எத்தனையோ குடும்பங்களைப் போதைக்கு அடிமையாக்கிற்று. அடிமைப்படுத்தும் ஆபத்தைக் குறைத்துக்காட்டி விற்ற குற்றத்தை, 2007 இல் அதன் இணை நிறுவனம் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. இவ்வாறு கற்பதிலும் பார்க்கக் கல்லாதிருப்பது மேல் அல்லவா?

இவ்வுண்மையை நம் நாட்டில் முன்னரே உணர்ந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. மருந்தியற் பேராசிரியரும் சமசமாஜக் கட்சியினருமான அவர், டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து அளித்த அறிக்கை, மருந்து இறக்குமதியை மக்கள் நலனுக்கேற்ப ஒழுங்குபடுத்தும் கொள்கைக்கு அடிகோலிற்று. 1971 இல் நிறுவப்பட்ட அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. மருந்தை மலிவாக வாங்கினால் மட்டும் போதாது, அதனை எழுதும் வைத்தியருக்குக் கம்பனிகளின் கலப்பில்லாத அறிவும் கிடைக்கவேண்டும் என்பதில் அவர் உறுதியாயிருந்தார். பேராதனையில் மருத்துவக் கல்வியைச் சீர்படுத்தவும் அவர் உழைத்தார். 1977 இல் கயானாவில் அவர் காலமானார். அவர் தொட்ட கேள்வி இன்னும் உயிருடன் இருக்கிறது.

மீண்டும் எங்கள் ஊருக்கு வருகிறேன். கொழும்பிலிருந்து திரும்பியதும், தந்தையார் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு டொக்டர் ஐயாவிடம் சென்றார். நானும் உடன் சென்றேன். அவர் கண்ணாடியை மாட்டிச் சீட்டை இருமுறை வாசித்தார். முகம் கறுத்தது. சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"மாஸ்ரர், இதை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார் மெல்ல.

"அதுக்கென்ன டொக்டர், பாதை பூட்டியெல்லோ கிடந்தது," என்றார் தந்தையார்.

டொக்டர் ஐயா தலையை அசைத்தார். "பாதை பூட்டியிருந்தது உண்மைதான். ஆனா நானும் தட்டிப் பாக்கேல்லை." பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, கொழும்புக்குப் போனா இதைப் பற்றின புத்தகம் ஒண்டு வாங்கிக்கொண்டு வாரும். காசு நான் தாறன்," என்றார்.

அப்போது அவருக்கு எழுபது வயதிருக்கும். அடுத்த மாதம் நான் கொண்டுபோன புதிய பதிப்பை, பள்ளிக்கூடப் பையன் போல் கொப்பியில் குறிப்பெடுத்துப் படித்தார். அன்றைய ஊர்நிலையில், கற்காத வைத்தியரின் அனுமதிப்பத்திரத்தைப் பறிக்கும் சட்டமொன்று மாத்திரம் இருந்திருந்தால், எங்கள் ஊர் தன் ஒரே வைத்தியரை இழந்திருக்கும். என் தந்தையாரின் நோய் அப்போதும் தீர்ந்திராது.

ஆகவே சட்டம் வேண்டும் என்றே சொல்கிறேன். ஆனால் அச்சட்டம் இரு பக்கமும் கட்டவேண்டும். கற்கவேண்டியது வைத்தியரின் கடமையானால், புத்தகத்தையும் ஆசானையும் படிக்க ஓய்வையும் கொடுக்கவேண்டியது அரசின் கடமை. நாளொன்றுக்கு எண்பது நோயாளரைத் தனியே பார்க்கும் ஒரு கிராம வைத்தியருக்குப் பதிலாக, ஒரு வாரத்துக்கு வேறொருவரை அனுப்பாத அரசு, அவரிடம் சான்றிதழ் கேட்பது எந்த நியாயம்? அவ்வகுப்பின் செலவை மருந்துக் கம்பனியிடம் ஒப்படைக்காமல், நாமே பொதுப்பணத்தில் ஏற்கவேண்டும். இலவசக் கல்விக்காகவும் இலவச வைத்தியத்துக்காகவும் குரல் கொடுத்த நாம், இவ்விரண்டும் சந்திக்கும் இந்த இடத்தில் மௌனமாயிருத்தல் தகாது.

தந்தையார் இன்றில்லை. இறுதி ஆண்டுகளில் மழைக்காலம் வந்தால், கூழ்ச் சட்டியைச் சுற்றி நாங்கள் அமரும்போது முதற் பிளா அவருக்கே. இரண்டாவது பிளா டொக்டர் ஐயாவின் வீட்டுக்குப் போகும்.